ஓர் ஆணி இடைவெளி

பலகை வாங்கப் போகிற நாமெல்லாம் அதன் முகத்தைத் தடவிப் பார்ப்போம். ஆசாரி அதன் முனையைத்தான் பார்ப்பார். ரம்பம் குறுக்கே போன இடத்தில், எச்சில் தொட்ட விரலால் தூசியைத் துடைத்துவிட்டு, வளையங்கள் எந்தப் பக்கம் வளைந்திருக்கின்றன என்று பார்ப்பார். பத்துப் பலகையை அப்படிப் புரட்டினால் நாலைத் தள்ளி வைப்பார். ஏன் என்று கேட்டால்தான் சொல்வார்.

தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குப் போகும் வழியில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பாலங்கள் வரும். அதில் குடமுருட்டிக் கரையில் உறவினர் ஒருவர் வீட்டுக் கொல்லையில் ஆற்றைப் பார்த்தபடி ஒரு பலகைத் தளம் போட்டார்கள். பன்னிரண்டுக்குப் பத்தடி, நாலு நாற்காலி போடலாம். வெயில், மழை, ஆற்று ஈரம் மூன்றும் நேராக விழுகிற இடம். கூரைக்குக் கீழே இருக்கும் மரத்துக்கு வாய்க்கிற சொகுசு எதுவும் இதற்குக் கிடையாது. அந்த வேலையை முழுக்க வேடிக்கை பார்த்ததில் ரசிக்கக் கிடைத்தவற்றைத்தான் எழுதுகிறேன்.

முதலில் மரம். எங்கள் பக்கத்தில் மரத்துக்குப் பஞ்சமில்லை, யோசனைகளுக்கும் பஞ்சமில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறி, பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வரை தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டபின், தென்னை மரத்தையே அறுத்துப் பலகையாக்கலாமே என்ற பேச்சு பலமாக எழுந்தது. தென்னையின் குறுக்குவெட்டு பார்க்க அழகானது. தேக்கில் இருப்பதுபோல் வளையமே இராது. வெளிர் நிறத்தின்மேல் கரும்புள்ளிகள் தூவியிருக்கும். பட்டையை ஒட்டி அவை நெருக்கியடித்து நிற்கும், நடுவுக்குப் போகப் போக விலகும். புள்ளி நெருக்கமான இடத்தில் உளி இறங்காது. நடுவிலோ நகம் இறங்கும். ஒரே மரத்தில் அடிப்பக்க ஓரம் உத்தரத்துக்கு ஆகும், உச்சிப்பக்க நடு அடுப்புக்கு ஆகும். வீட்டுக்காரர் கேட்டதற்கு ஆசாரி மறுப்புச் சொல்லவில்லை. "கூரைக்குள்ளன்னா கண்ணை மூடிக்கிட்டுப் போடலாம் தம்பி. மழையில நின்னா இது நாலு வருஷம் தாங்காது" என்றார். பனங்கைக்கும் அதே தீர்ப்பு. ஓட்டுக்கூரைக்கு அதை அடிக்க மரமில்லை, நனையாமல் இருக்கும்வரை.

கல்லணைக் கால்வாய்க் கரைகளில் வனத்துறை வளர்த்த தேக்கு இரண்டாவது யோசனை. ஆற்று நீரைக் குடித்து மளமளவென்று வளர்ந்த மரம். வேகமாக வளர்ந்த தேக்கு வலுவில் அப்படியொன்றும் குறைந்ததில்லை. ஆனால் இளமரத்தில் சுற்றிலும் வெள்ளை, அதாவது வைரம் பாயாத வெளிமரம், அதிகம். தேக்கைக் கறையானிடமிருந்தும் பூஞ்சையிடமிருந்தும் காப்பது அதன் வைரப்பகுதியில் ஊறியிருக்கும் எண்ணெய்ப் பசையும் அதோடு சேர்ந்த சத்துகளும்தான். வெள்ளையில் அவை கிடையாது. வெள்ளை ஏறிய பலகை பேருக்குத்தான் தேக்கு.

கடைசியில் கும்பகோணம் பக்கம் இடித்த ஒரு பழைய வீட்டின் தேக்கு உத்தரங்கள் வந்து இறங்கின. இந்தத் தேர்வுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. தலைமுறைகளாகக் கூரைக்குக் கீழே கிடந்து, முறுக்கிக்கொள்ள வேண்டியதையெல்லாம் முறுக்கி முடித்துவிட்ட மரம். இந்த அருமை தச்சர்களுக்கு மட்டும் தெரிந்ததல்ல. நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரம் கடைகிறவர்கள் பழைய வீடுகளில் தூணாகவும் உத்தரமாகவும் இருந்த ஆச்சா மரத்தைத் தேடிப் போவதும் இதனால்தான். பச்சை மரத்தில் கடைந்த குழல் காய்ந்து நெளிந்தால் சுருதி போய்விடும். தளத்துக்கு அந்த அளவு கறார் தேவையில்லை. ஆனாலும் காய்ந்த மரம் காய்ந்த மரம்தான்.

பழைய மரத்தில் ஒரு வில்லங்கம் உண்டு. உள்ளே புதைந்த ஆணி. ஆசாரி பழைய ஸ்பீக்கர் ஒன்றின் காந்தத்தை நூலில் கட்டி உத்தரத்தின்மேல் மெல்ல இழுத்துக்கொண்டு போனார். காந்தம் தயங்கி நின்ற இடத்தில் சுண்ணாம்புக் குறி. குறியைச் சுற்றி மரம் கருநீலமாகக் கறுத்திருந்தது. இரும்பும் மரத்துத் துவர்ப்பும் ஈரத்தில் சந்தித்தால் இந்த மை ஊறும். புதிய தளத்துக்குத் துருப்பிடிக்காத ஸ்டீல் ஸ்க்ரூதான் என்று அவர் பிடிவாதம் பிடித்ததற்கு இந்தக் கறையே சாட்சி. அறுவை மில்லில் அந்த உத்தரம் பலகை பலகையாகப் பிரிந்தபோது வெளியே சாம்பல் பூத்திருந்த மரத்துக்குள்ளிருந்து தேன் நிறம் வந்தது, கூடவே தோலும் எண்ணெயும் கலந்தது போன்ற அந்தத் தேக்கு வாசனையும். இத்தனை வருஷம் அது எங்கே இருந்தது?

இனி வளையம். மரம் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். நீளவாக்கில் இந்த அசைவு இல்லையென்றே சொல்லலாம். அகலத்தில்தான் எல்லாம். அந்த அகலத்திலும் இரண்டு கணக்கு. வளையத்தின் போக்கிலேயே ஏற்படும் சுருக்கம், வளையத்துக்குக் குறுக்கே ஏற்படும் சுருக்கத்தைப்போல் தேக்கில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆகவே பட்டைப் பக்கம் இருந்த முகமும் நடுமரத்துப் பக்கம் இருந்த முகமும் ஒரே அளவில் அசைவதில்லை. பட்டை முகம் அதிகம் உப்பும், அதிகம் சுருங்கும். பலகை கிண்ணமாகக் குழிவதும் முதுகாகக் கூனுவதும் இதனால்தான். குழிந்தால் மழைநீர் தேங்கும், கூனினால் வழிந்தோடிவிடும்.

நன்றாகக் காய்ந்த பலகையை அடித்தால் இனி அது பெரும்பாலும் நனைந்து உப்பத்தான் போகிறது. பட்டை முகம் மேலே இருந்தால் அதுதான் அதிகம் உப்பும், பலகை லேசாகக் கூனும், நீர் நிற்காது. முனையில் பார்த்தால் வளையங்கள் கவிழ்ந்த பிறையாகத் தெரிய வேண்டும். ஈரப் பலகையை அடிப்பதானால் கதையே தலைகீழ். அது காயக் காயப் பட்டை முகம் குழியும், ஆகவே அந்த முகம் கீழே போக வேண்டும், பிறை நிமிர்ந்திருக்க வேண்டும். "பட்டை மேலே" என்று ஒரு கட்சியும் "பட்டை கீழே" என்று ஒரு கட்சியும் தச்சர்களிடையே சண்டை போடுவதைக் கேட்டிருக்கிறேன். இரண்டு கட்சியும் சரிதான், அவரவர் கைக்கு வந்த மரம் வேறு. எங்கள் ஆசாரி சண்டைக்குப் போகாமல் ஒவ்வொரு முனையையும் பார்த்து, கவிழ்ந்த பிறைகளாக வரிசைப்படுத்திக்கொண்டே போனார். மேலிருந்து பார்ப்பவருக்கு அது எதுவும் தெரியாது. முனைகளை வரிசையாகக் குனிந்து பார்த்தால், ஆற்றுப்பக்க விளிம்பு முழுக்க ஒரே திசையில் கவிழ்ந்த கோடுகள். யாரும் பார்க்காத இடத்தில் இப்படியோர் ஒழுங்கு.

பிறகு இடைவெளி. ஒரு பலகையை அடித்து, அதன் ஓரத்தில் நாலங்குல ஆணியைப் படுக்க வைத்து, அடுத்த பலகையை அதன்மேல் நெருக்கி, ஸ்க்ரூ முடுக்கி, ஆணியை உருவிக்கொள்கிறார். வேலை நடந்தது சித்திரை வெயிலில். "இப்ப ஒணந்து கெடக்கு. ஐப்பசில வந்து பாருங்க, இந்த ஆணி உள்ள போவாது" என்றார். அடைமழைக் காலத்தில் இதே வேலையை எடுத்திருந்தால் ஆணியே வைக்காமல் ஒட்டி அடித்திருப்பாராம், கோடை தானே இடைவெளி விட்டுக்கொள்ளும் என்று. ஒரே மரம், ஒரே தளம், மாதத்துக்கு ஏற்றபடி கை மாறுகிறது. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து கல்லணை வழியாகத் தண்ணீர் குடமுருட்டிக்கு வந்துவிட்டால், மழை பெய்யாமலே அந்தக் கொல்லைக் காற்று கனத்துவிடும். அதையும் சேர்த்துத்தான் அவர் ஆணியின் தடிமனைத் தீர்மானித்திருக்க வேண்டும். கேட்டதற்கு, "கைக்குக் கெடச்ச ஆணி" என்று சிரித்தார். நான் நம்பவில்லை.

தளத்துக்கு அடியில் நடந்த வேலை இன்னும் நுட்பம். வேங்கைச் சட்டங்கள். வேங்கை நனைந்தால் செம்பழுப்புச் சாயம் விடும். வெள்ளைச் சுவரில் வழிந்தால் வீட்டுக்காரம்மா விடமாட்டார், மண்ணில் வழிந்தால் கேட்பாரில்லை. அதனால் அது அடியில். சட்டத்தின் கால்கள் மண்ணைத் தொடாமல் கருங்கல் துண்டுகள்மேல் நின்றன. அக்கிரகாரத்துத் திண்ணைத் தூண்களைக் குனிந்து பார்த்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. தூணின் அடி எப்போதும் கல்லில்தான் உட்கார்ந்திருக்கும். மரத்தின் வெட்டுமுனை மற்ற முகங்களைவிடப் பல மடங்கு வேகமாக நீரை உறிஞ்சும் என்பதால், அதை மண்ணிலிருந்து பிரித்துவிட்டார்கள். இங்கே ஆசாரியின் சொந்தச் சேர்க்கை, சட்டத்தின் முதுகில் ஒட்டிய பழைய லாரி டியூப் பட்டை. பலகையும் சட்டமும் தொடும் இடத்தில்தான் நீர் ஒளிந்துகொள்ளும், ஸ்க்ரூ துளை வழியாகக் கீழே இறங்கும். ரப்பர் பட்டை அந்தத் துளையைச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது.

பலகைத் தளம் என்று பேசும்போது திருவாரூரை விட்டுவிட்டுப் போக முடியாது. ஆழித்தேரின் தட்டைவிடப் பெரிய மரத்தளம் இந்தப் பக்கத்தில் வேறெது? அலங்காரத்தோடு 96 அடி உயரம், 300 டன் எடை என்பார்கள். உயரத்தின் பெரும்பகுதி மூங்கிலும் பனஞ்சப்பையும் தேர்ச்சீலையும். மரவேலை கீழ்ப்பகுதிதான். தேருக்கென்று இலுப்பையைத் தேடுவார்கள். கனமான, நெருங்கிய மரம். ஒரு காலத்தில் கோயில் விளக்குக்கு எண்ணெய் தந்ததும் அதே மரம், மயிலாடுதுறைப் பக்கம் இலுப்பைப்பட்டில் தலவிருட்சமாக நிற்பதும் அதுவே. தேர் நகரும்போது அடுக்குகள் முனகுவதைப் பலர் பழமையின் குரல் என்று நினைக்கிறார்கள். எனக்கு அது தச்சனின் கெட்டிக்காரத்தனமாகவே கேட்கிறது. கழுந்தும் துளையும் மர ஆணியுமாக இணைத்த இடங்கள் சற்றே நெகிழ்ந்து கொடுக்கின்றன. ஆயிரம் பேர் வடத்தை வெடுக்கென்று இழுக்கும் அதிர்ச்சியை ஒரே மூட்டு வாங்கிக்கொள்ளாமல் எல்லா மூட்டும் பங்கிட்டுக்கொள்கின்றன. இரும்பை ஒதுக்கிய வேலையும் இல்லை இது. இன்று அந்தத் தேர் ஓடுவது திருச்சி பெல் நிறுவனம் செய்து கொடுத்த இரும்புச் சக்கரங்களில், நிற்பது ஹைட்ராலிக் பிரேக்கில். மேலே இலுப்பை, கீழே எஃகு. எது எங்கே நெகிழ வேண்டும், எது எங்கே நெகிழக் கூடாது என்று பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

கலவை என்றதும் வீட்டுப் பையனின் காம்போசிட் பலகை நினைவுக்கு வருகிறது. துபாயில் பார்த்துவிட்டு வந்தவன், நாலைந்து மாதிரித் துண்டுகளைக் கொண்டுவந்து திண்ணையில் பரப்பினான். மரத்தூளை உருக்கிய பிளாஸ்டிக்கோடு கலந்து பிழிந்து செய்வது. 1990களில் அமெரிக்க வீடுகளில் பரவி, இப்போது நம்மூர்க் குளியலறைக் கதவு வரை வந்துவிட்டது. ஆசாரி அதைக் கேவலமாகப் பேசவில்லை. சிலாம்பு ஏறாது, கறையான் தொடாது, வருஷா வருஷம் எண்ணெய் கேட்காது. ஒரு துண்டை வளைத்துப் பார்த்தார், "சட்டத்தை நெருக்கிப் போடணும்" என்றார். சரிதான், விறைப்பில் அது தேக்குக்கு ஈடாகாது. தாங்கு சட்டங்கள் தள்ளித் தள்ளி இருந்தால் நாளாவட்டத்தில் தொய்யும்.

அதன் அசைவும் வேறு மாதிரி. மரம் ஈரத்துக்கு அகலத்தில் அசையும் என்றால் இது வெயிலுக்கு நீளத்தில் அசையும். பன்னிரண்டடிப் பலகை ஒன்று, விடியற்காலைக் குளிருக்கும் மத்தியான வெயிலுக்கும் இடையில் நாலைந்து மில்லிமீட்டர் நீண்டு சுருங்கக்கூடும். தேக்கு அதே வெயிலில் அரை மில்லிமீட்டர்கூட நகராது. ஆகவே மரத்தில் பக்கவாட்டில் வைத்த ஆணியை இங்கே தலைமாட்டில் வைக்க வேண்டும். ஸ்க்ரூவை நேராக முடுக்காமல், பலகை வழுக்கிக்கொண்டு போக இடம் விடுகிற கிளிப்பைப் போட வேண்டும். இது தெரியாமல் தேக்கை அடிக்கிற மாதிரியே அடித்து, பலகைகள் முட்டிக்கொண்டு மேலே கிளம்பிய தளங்களைப் பார்த்திருக்கிறேன். பழி பலகைமேல் போனது.

எனக்கு அதில் ஒப்பாதது ஒன்றுதான். சித்திரை மத்தியானத்தில் மாதிரித் துண்டையும் தேக்குத் துண்டையும் முற்றத்தில் வைத்துவிட்டுச் சாப்பிட்டு வந்து இரண்டின்மேலும் கால் வைத்துப் பார்த்தோம். தேக்கு சுட்டது, தாங்கலாம். கருநிறக் காம்போசிட்டில் காலை எடுத்துவிட்டேன். செருப்போடு நடக்கிற ஊரில் அது பெரிய விஷயமில்லை. நாமோ வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வருகிறவர்கள். தளத்தை நாம் அளப்பது உள்ளங்காலால். வெளிர் நிறமாக வாங்கி, மாமர நிழலில் போட்டால் அந்தக் குறையும் போய்விடும். பையனுக்கு ஆறுதலாகக் கிணற்றடி மேடைக்கு அதையே போட்டார்கள், அங்கே சோப்புத் தண்ணீர் நாள் முழுக்க நிற்கும், மரம் பாவம்.

எண்ணெய் விஷயம் கடைசியாக வந்தது. அடிச்சட்டங்களுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய். கன்னங்கரேல் என்றிருக்கும், பூச்சியும் பூஞ்சையும் அண்டாது. கையில் பட்டால் தோல் கொப்பளிக்கும், அதனால் கால் படுகிற மேல் பலகைக்கு அது கூடாது. மேலே ஆளிவிதை எண்ணெய் மட்டும், துணியில் தொட்டு, மரம் குடிக்கிற அளவுக்கு. வார்னிஷ் வேண்டவே வேண்டாம் என்றார். வார்னிஷ் மேலே தோலாக நிற்கும், வெயிலில் வெடிக்கும், வெடிப்பில் புகுந்த நீர் வெளியே வர வழியில்லாமல் மரத்தைக் கறுக்கவைக்கும்.

வீட்டுக்கார அக்காவுக்கு மனமில்லை. தேன் நிறம் அப்படியே நிற்க வேண்டும், ஒரு கோட் பாலிஷாவது அடித்துக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"வெயில் அடிக்கிற எடத்துல நெறம் நிக்காதுக்கா. ஒரு வருஷத்துல சாம்பலாயிடும், ஆனா வலுவு போவாது. நெறம் வேணும்னா நாலு நாற்காலியையும் குடுங்க, அதுக்கு அடிச்சுத் தர்றேன்" என்றார் ஆசாரி.