பத்திக்குள் போகாமலே பதில்

பிளஸ் டூ ஆங்கில வினாத்தாளில் பெரும்பகுதியை மனப்பாடத்தைக் கொண்டே கடந்துவிட முடியும். உரைநடைப் பாடக் கேள்விகளுக்குக் கைடு இருக்கிறது. செய்யுளிலிருந்து நாலு வரி எடுத்துக் கொடுத்துக் கேட்டாலும் அந்த வரிகள் ஆண்டு முழுக்க வகுப்பில் புழங்கியவை. கடிதத்துக்கும் விளம்பரத்துக்கும் வார்ப்பு உண்டு. பெயரையும் முகவரியையும் மாற்றினால் போதும். மாணவர் இதற்குமுன் கண்ணால் பார்த்திராத உரை என்று எஞ்சுவது பாசேஜும், அதன் உடன்பிறப்பான சுருக்கி எழுதுதலும்தான். செஞ்சியை அடுத்த மேல்மலையனூர், வளத்தி, அவலூர்பேட்டை பக்கத்திலிருந்து தேர்வெழுதும் ஒரு பிள்ளைக்கு வீட்டில் ஆங்கிலம் இல்லை, கடைத்தெருவில் இல்லை, அமாவாசைக்கு அங்காளம்மன் கோயிலில் வந்திறங்கும் கூட்டத்திடமும் இல்லை. வகுப்பில் கேட்பதோடு சரி. அந்தப் பிள்ளைக்கு அச்சிட்ட ஆங்கிலத்தைத் தானாகப் படித்து விளங்கிக்கொள்ள வருகிறதா என்பதை அந்தத் தாளில் உள்ளபடி சொல்லக்கூடிய இடம் பாசேஜ்தான். அந்த அளவுகோலைத்தான் பயிற்சி என்ற பெயரில் நாம் மழுக்கி வைத்திருக்கிறோம்.

பயிற்சி எப்படி நடக்கிறது என்பது அரசுப் பள்ளிகளில் படித்த எவருக்கும் தெரியும். திருப்புதல் தேர்வு நெருங்கும்போது ஸ்பெஷல் கிளாஸில் கற்றுத் தரப்படும் சூத்திரம் இது: முதலில் கேள்வியைப் படி, அதில் உள்ள பெரிய வார்த்தையைப் பத்தியில் தேடு, அது இருக்கும் வரியை முற்றுப்புள்ளி வரைக்கும் அப்படியே எடுத்து எழுது. இந்தச் சூத்திரம் வேலை செய்கிறது, அதுதான் சிக்கல். எதனால் வேலை செய்கிறது என்று பார்க்க ஆங்கிலமே தேவையில்லை. 'பெலவன் தொரவையில் கிடந்த மிசுளையை விருக்கினான்' என்று ஒரு வாக்கியம் இருக்கட்டும். மிசுளையை விருக்கியவன் யார்? பெலவன். மிசுளை எங்கே கிடந்தது? தொரவையில். இரண்டு கேள்விக்கும் முழு மதிப்பெண். மிசுளை தின்னும் பொருளா, பெலவன் செய்தது நல்லதா கெட்டதா என்று பதில் எழுதியவருக்கும் தெரியாது, கேள்வி கேட்டவருக்கும் தெரியாது. வாக்கியத்தின் எலும்புக்கூடு புரிந்தால் போதும், சதை வேண்டியதில்லை. 'யார், எங்கே, எப்போது' என்று தொடங்கும் கேள்விகள் மேலோங்கியிருக்கும்வரை, பத்திக்குள் நுழையாமலே பத்தியைத் தேறிவிடலாம்.

இதைக் குறுக்குவழி என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. அதில் மெய்யான நன்மைகள் உண்டு, முதல் நன்மை தேர்ச்சி. ஆங்கிலத்தில் 35 வராவிட்டால் மற்றப் பாடங்களில் எவ்வளவு எடுத்திருந்தாலும் தேறும்வரை கல்லூரிக் கதவு திறக்காது. 2011 மக்கள்தொகைக் கணக்கில் மாநிலத்தின் எழுத்தறிவு 80 விழுக்காடாக இருந்தபோது விழுப்புரம் மாவட்டம் 72-ஐ ஒட்டி நின்றது. அந்த மாவட்டத்தின் ஓரத்தில் உள்ள மேல்மலையனூர் வட்டத்திலிருந்து விழுப்புரத்துக்கோ திருவண்ணாமலைக்கோ அரசுக் கலைக் கல்லூரிக்குப் பஸ் ஏறப்போகும் முதல் தலைமுறைப் பெண்ணுக்கு பாசேஜ் தரும் ஐந்தாறு மதிப்பெண் சின்ன விஷயமில்லை. இரண்டாவது நன்மை, பயம் தெளிவது. ஒரு பக்க ஆங்கிலத்தைக் கண்டதும் பேனாவை மூடி வைத்துவிடும் மாணவருக்கு, 'இதில் எனக்கு வேண்டியதை நான் கண்டுபிடிக்க முடியும்' என்ற தெம்பை இந்தத் தேடல் கொடுக்கிறது. தேடுவதும் வாசிப்பின் ஒரு வகைதான். ரயில் கால அட்டவணையையும் மருந்து அட்டையையும் யாரும் முதல் வரியிலிருந்து படிப்பதில்லை. மூன்றாவதாக, ஆசிரியர் மேல் இருக்கும் நெருக்கடி. தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் விளக்கம் சொல்ல வேண்டியவர் அவர். 'மெல்லக் கற்போர்' என்று பட்டியலிட்டுக் கையில் கொடுக்கப்படும் பிள்ளைகளை மூன்று மாதத்தில் கரையேற்றச் சொன்னால், எளிதில் கைகூடும் வழியைத்தான் அவர் எடுப்பார். அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள்.

ஆனால் கரையேற்றிய பிறகு என்ன? 2023-இல் 28 மாவட்டங்களில் 14 முதல் 18 வயதுக் கிராமப்புற இளைஞரிடம் எடுக்கப்பட்ட ஏசர் ஆய்வில் ஆங்கில வாக்கியங்களைப் படிக்க முடிந்தவர்கள் 57.3 விழுக்காடு. அப்படிப் படித்தவர்களிலும் பொருள் சொல்ல முடிந்தவர்கள் நாலில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவானவர்களே. இரண்டையும் பெருக்கினால், படித்துப் பொருளும் சொல்லக்கூடியவர்கள் நூற்றுக்கு 42 பேர்தான். அவை சின்னஞ்சிறு வாக்கியங்கள், பத்திகூட அல்ல. (தமிழ்நாட்டிலிருந்து அந்த ஆய்வில் இருந்தது பெரம்பலூர் மாவட்டம் மட்டுமே. ஆகவே இந்த எண்ணை அப்படியே செஞ்சிப் பக்கத்துக்கு ஒட்டவைக்கக் கூடாது. ஆனாலும் திசை தெரிகிறது.) சத்தம் போட்டுப் படிக்க வருவதும் பொருள் விளங்குவதும் வேறு வேறு என்பதை அந்த ஆய்வு தனித்தனியே கேட்டுப் பிரித்துக் காட்டியது. நம் பாசேஜ் கேள்வி அதைப் பிரிப்பதில்லை. வரியை அடையாளம் கண்டவரையும் வரியைப் புரிந்துகொண்டவரையும் அது ஒரே மதிப்பெண்ணில் கட்டிப்போடுகிறது. வித்தியாசம் பின்னால் வெளிப்படுகிறது. கல்லூரி முதலாண்டில் பாடநூலைத் தானே திறக்கும்போது வெளிப்படும். அதற்கும் முன்பே, மத்தியப் பல்கலைக்கழகங்களில் சேர 2022-இல் வந்த க்யூட் தேர்விலும், சட்டம் படிக்க 2020-இலிருந்து முழுக்கப் பத்திகளை வைத்தே கேட்கும் கிளாட் தேர்விலும் வெளிப்படும். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கோ திருச்சி தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்கோ போக ஆசைப்படும் மேல்மலையனூர் மாணவர் அங்கே சந்திக்கும் நாலு விடைகளில் எதுவும் பத்தியின் வரியாக இருக்காது. எல்லாம் வேறு சொற்களில் இருக்கும். போதாக்குறைக்குத் தப்பான விடைக்கு மதிப்பெண்ணைக் கழிப்பார்கள்.

இந்த இடத்தில் சீனாவைக் காட்டுபவர்கள் உண்டு. அவர்கள் நம்மைவிடப் பத்து மடங்கு பயிற்சி செய்கிறார்களே, அங்கே பயிற்சி பலிக்கவில்லையா என்பார்கள். 'காவ்காவ்' எனப்படும் அவர்களுடைய கல்லூரி நுழைவுத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 150 மதிப்பெண், தாய்மொழிக்கும் கணக்குக்கும் உள்ள அதே அளவு. நாட்டின் பெரும்பகுதியில் எழுதப்படும் தாளில் வாசிப்புக்கு மட்டும் 50. நாலு பத்திகளும் 15 கேள்விகளும் முதலில். பிறகு இடையிடையே வாக்கியங்களை உருவி எடுத்த ஒரு பத்தி, அதன் ஐந்து காலி இடங்களுக்குக் கொடுத்திருக்கும் ஏழு வாக்கியங்களிலிருந்து பொருத்த வேண்டும். ஆசிரியரின் நோக்கம் என்ன, இந்தச் சொல் இங்கே எதைக் குறிக்கிறது, இதற்கு எந்தத் தலைப்பு பொருந்தும் என்றெல்லாம் கேள்விகள் வரும். முன்னும் பின்னும் படிக்காமல் அந்தக் காலி இடத்தை நிரப்ப முடியாது. அங்கேயும் பயிற்சி நூல்கள் மலைபோலக் குவிந்திருக்கின்றன. பழைய வினாத்தாள்களையே தின்று வளரும் பிள்ளைகள் அவர்கள். ஆக, வித்தியாசம் பயிற்சியின் அளவில் இல்லை, எதற்குப் பயிற்சி என்பதில் இருக்கிறது. கேள்வி எதைக் கேட்கிறதோ அதைத்தான் பயிற்சி வளர்க்கும். அதே சமயம் சீனத்தை இலட்சியமாக வைத்துக்கொள்ளவும் வேண்டாம். ஆண்டுக்கணக்காகப் பத்தி பத்தியாய்த் தின்றும் வாய் திறந்து நாலு வார்த்தை பேச வராத 'ஊமை ஆங்கிலம்' என்று அவர்களே தங்கள் முறையைக் குறை சொல்லிக்கொள்கிறார்கள்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பல நாட்டு மாணவர்களை ஒப்பிடும் பிசா 2009 தேர்வில் வாசிப்பில் உலக முதலிடம் ஷாங்காய்க்கு, 556 புள்ளி. அதே வினாக்களைக் கொஞ்சம் தாமதமாக எழுதிய தமிழ்நாட்டுக்கு 337. அடிப்படை வாசிப்பு நிலையைத் தொட்ட நம் மாணவர்கள் நூற்றுக்கு 17 பேர். ஷாங்காய்ப் பிள்ளைகள் வாசித்தது தங்கள் மொழியில். ஒரு பத்தியிலிருந்து சொல்லாததையும் ஊகிக்கும் பழக்கம் தாய்மொழியில் படிந்துவிட்டவர்களுக்கு ஆங்கிலத்தில் பாக்கி இருப்பது சொற்களும் இலக்கணமும்தான். தமிழ்ப் பத்தியிலேயே வரியைத் தேடி எழுதப் பழகிய பிள்ளைக்கு ஆங்கிலத்தில் பாக்கி எல்லாமே. ஆங்கில வாசிப்பின் குறையை ஆங்கில ஆசிரியரின் தலையில் மட்டும் சுமத்துவது அதனால் பொருந்தாது.

பத்திகளின் பொருள் என்ன என்பதும் இதில் பெரிய பங்கு வகிக்கிறது. நம்மூரில் இதை ஏனோ யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. 1988-இல் அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் 64 பள்ளி மாணவர்களுக்கு ஒரு பேஸ்பால் ஆட்ட வருணனையைப் படிக்கக் கொடுத்தார்கள். வாசிப்புத் தேர்வுகளில் பின்தங்கியவர்களாக இருந்தும் அந்த விளையாட்டை அறிந்த பிள்ளைகள், நன்றாக வாசிக்கக்கூடிய ஆனால் விளையாட்டு தெரியாத பிள்ளைகளைவிட நன்றாக விளங்கிக்கொண்டார்கள். வாசிப்பு என்பது எல்லா உரைக்கும் பொதுவான ஒரே திறமை என்ற எண்ணத்தை அது அசைத்துவிட்டது. பனிச்சறுக்கைப் பற்றியோ லண்டன் சுரங்க ரயிலைப் பற்றியோ பத்தி கொடுத்தால் செஞ்சிப் பக்கத்துப் பிள்ளை இரட்டைச் சுமை சுமக்கிறது: மொழியும் புதிது, உலகமும் புதிது. செஞ்சிக் கோட்டையின் ராஜகிரியையும் கிருஷ்ணகிரியையும் பற்றி ஒரு பத்தி கொடுத்துப் பாருங்கள். 1677-இல் சிவாஜி கைப்பற்றியது, 1690-களில் ராஜாராம் முற்றுகைக்குள் இருந்தது, 1714-இல் தேசிங்கு விழுந்தது, 2025-இல் யுனெஸ்கோ பட்டியலில் கோட்டை சேர்ந்தது எல்லாம் அதில் இருக்கட்டும். தெரியாத ஆங்கிலச் சொல் பத்து வந்தாலும், தெரிந்த கதை கைப்பிடித்து அழைத்துப் போகும். 'குறைந்த படையோடு தேசிங்கு ஏன் போருக்குப் போனான்?' என்று கேட்டால் எழுதியெடுக்க வரி இருக்காது, எழுதச் செய்தி இருக்கும். உள்ளூர்ப் பொருளே போதுமா, உலகம் தெரிய வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும்தான், ஆனால் அறியாத உலகத்துக்குள் அறியாத மொழியில் நுழையச் சொல்வது தொடக்கப் பயிற்சியாக இருக்கக் கூடாது. அந்தப் படியில் கடைசியில் ஏறலாம்.

சரியான மாற்று எது என்பதற்கு நம்மூரைப் போன்ற ஓர் இடத்திலிருந்தே சான்று கிடைக்கிறது. ஃபிஜித் தீவுகளின் கிராமப் பள்ளிகள்; ஆங்கிலம் வீட்டு மொழியில்லை, புத்தகம் குறைவு. 1980-இல் எல்லி, மங்குபாய் இருவரும் அங்கே நாலாம், ஐந்தாம் வகுப்பறைகளில் வகுப்புக்கு 250 படக்கதைப் புத்தகங்களை இறக்கி, தினம் அரைமணிக்குள் அவற்றைப் படிக்கவிட்டார்கள். எட்டு மாதத்தில் வாசிப்பில் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைப்போல ஏறத்தாழ இரு மடங்கு முன்னேறினார்கள். இரண்டாம் ஆண்டில் பலன் எழுத்துக்கும் இலக்கணத்துக்கும் பரவியது. நம் பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கமும் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகத் தமிழ்ச் சிறுநூல்களைக் கொடுத்து இதே வழியில்தான் இறங்கியது. பிளஸ் டூ பிள்ளைக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது என்ற ஆட்சேபம் வரும், அது பலமானதும்கூட. பன்னிரண்டாம் வகுப்பில் தொடங்கினால் நேரம் இல்லைதான். ஆறாம் வகுப்பிலிருந்து வாரம் ஒரு பீரியடை விட்டுக்கொடுத்தால் ஏழு ஆண்டு இருக்கிறது. தேர்வுக்கு முந்தைய மூன்று மாதத்தை அப்போதும் சூத்திரத்துக்கே விட்டுவிடலாம், எனக்கு மறுப்பில்லை.

கேள்வித்தாளில் செய்யக்கூடிய ஒன்றையும் சொல்கிறேன், சிலருக்கு அது கசக்கும். ஆங்கிலப் பத்தியின் கேள்விகளில் இரண்டுக்காவது தமிழில் பதில் எழுத அனுமதிக்கலாம். விளங்கியிருந்தும் ஆங்கிலத்தில் எழுத வராததால்தான் பல பிள்ளைகள் வரியைப் பெயர்த்து எழுதுகிறார்கள். விளங்காதவர்களும் அதையே செய்வதால் திருத்துபவருக்கு இருவரும் ஒன்றாகத் தெரிகிறார்கள். தமிழில் எழுதச் சொன்னால் அந்த மூடுதிரை விலகிவிடும். மிசுளையைத் தமிழில் சொல்ல வேண்டுமென்றால் அது என்னவென்று தெரிந்தாக வேண்டும். ஆங்கிலம் எழுதும் பழக்கம் கெட்டுப்போகும் என்பார்கள். எழுத்துத் திறனை அளக்கக் கடிதமும் கட்டுரையும் அதே தாளில் இருக்கின்றன. வாசிப்பை அளக்கும் இடத்தில் எழுத்தையும் சேர்த்து அளந்தால் இரண்டும் கலங்கிப்போகின்றன. லட்சக்கணக்கான தாளைத் திருத்தும்போது சொந்த வாக்கியத்துக்கு ஆளுக்கொரு மதிப்பெண் விழும் என்ற கவலை இதைவிட நியாயமானது. அதற்கு விடைக்குறிப்பில் ஏற்கத்தக்க கருத்துகளை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். தமிழ்த் தாளைத் திருத்துபவர்கள் செய்யாத வேலை இல்லை இது.

இத்தனைக்கும் மேலே ஒரு தடை இருக்கிறது. 2007-இல் மாநில நுழைவுத் தேர்வு ஒழிந்ததிலிருந்து பொறியியல் இடங்களைத் தீர்மானிப்பது கணக்கு, இயற்பியல், வேதியியல் கட் ஆஃப் மட்டும். ஆங்கிலம் அதில் சேர்வதில்லை. எனவே 'இங்கிலீஷ்ல பாஸ் பண்ணா போதும்' என்று பிள்ளைகள் சொல்வதைச் சோம்பேறித்தனம் என்று திட்ட முடியாது. கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் சொல்கிறார்கள். கட் ஆஃபில் ஆங்கிலத்தையும் சேர்த்துவிடலாமே என்று உடனே ஒரு யோசனை எழும். அதை நான் ஏற்கவில்லை. அடுத்த ஆண்டே சென்னை, கோவைத் தனியார் பள்ளிப் பிள்ளைகள் தரவரிசையில் மேலேறுவார்கள், மேல்மலையனூர்ப் பிள்ளை சரியும். ஆங்கில வீடு இல்லாததற்கு ஏற்கெனவே ஒருமுறை விலை கொடுத்தவரிடம் இன்னொருமுறை வசூலிப்பதாகிவிடும். மதிப்பெண்ணின் எடையை உயர்த்தாமல் கேள்வியின் தரத்தை மட்டும் உயர்த்துவது மெதுவான வழி. அதனால் தேர்ச்சி விழுக்காடு ஓரிரண்டு ஆண்டு இறங்கவும் கூடும். அந்த இறக்கத்துக்காகத் தலைமையாசிரியர்களை மேடையில் நிறுத்திக் கேள்வி கேட்கமாட்டோம் என்ற உறுதியைத் துறை முதலில் எழுத்தில் கொடுக்க வேண்டியிருக்கும்.