கலையாத கிழவேடம்

திருத்தணியில் மாசிப் பெருவிழா வந்தால் வள்ளி திருமணம் நடக்கும். சூரனை முடித்த முருகன் கோபம் தணிந்து அமர்ந்த இடம், அதனால் தணிகை. அங்கேதான் வள்ளியைக் கைப்பிடித்தான் என்பது தலக்கதை. கந்த சஷ்டிக்கு அந்த மலையில் சூரசம்ஹாரம் கிடையாது என்பதற்கும் இதுதான் காரணம். ஆனால் கல்யாணத்துக்கு முந்தைய கதை ஒன்று இருக்கிறது. வள்ளிமலைத் தினைப்புனத்தில் முருகன் கிழவனாகப் போய் நிற்கிறான். பசி என்கிறான், தாகம் என்கிறான், தினைமாவை வாங்கித் தின்றுவிட்டுக் கட்டிக்கொள்ளச் சொல்கிறான். சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் சனம் விழுந்து விழுந்து சிரிக்கும் இடம் அது.

ஏன் சிரிக்க முடிகிறது? அந்த நரை பொய் என்று நமக்கு முன்கூட்டியே தெரியும். உள்ளே இருப்பவன் என்றும் இளையவன். வேடம் கலைந்ததும் எல்லாம் சரியாகிவிடும். நிஜக் கிழவன் ஒருவன் அப்படிப் போய் நின்றால் ஊர் என்ன சொல்லும் என்று நமக்குத் தெரியாதா என்ன? ‘இந்த வயசுல இவனுக்கு என்ன கேடு’ என்றுதான் சொல்லும்.

வயதானவரின் காதலை எடுக்கும்போதெல்லாம் தமிழ் சினிமா இந்தத் தினைப்புனத்துக்கே திரும்பிப் போகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. கிழவன் காதலிக்கலாம், ஆனால் உள்ளே ஒரு இளைஞன் ஒளிந்திருக்கிறான் என்று முதலில் நிரூபிக்க வேண்டும். இரண்டு படங்களை வைத்து இதைப் பார்க்கலாம்.

முதலாவது 1985-இல் பாரதிராஜா எடுத்த ‘முதல் மரியாதை’. சாகக் கிடக்கும் மலைச்சாமியில் தொடங்குகிற படம். உயிர் பிரியாமல் இழுத்துக்கொண்டிருக்கிறது, யாருக்கோ காத்திருக்கிறது. அவருக்கும் பரிசல்காரர் மகள் குயிலுக்கும் இடையே நடந்ததையெல்லாம் அந்தச் சாவுப்படுக்கையிலிருந்துதான் நாம் பார்க்கிறோம். இது கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. சாகப்போகிற மனுசனின் ஆசையை யாரும் கேலி செய்ய மாட்டார்கள். உயிரோடு நடமாடுகிற கிழவனுக்கு ஊர் தராத மன்னிப்பைச் சாவு வாங்கித் தருகிறது.

அந்தப் படத்தில் இளவட்டக்கல் வருகிறது. கல்யாண வயசு வந்த இளந்தாரிகள் தூக்கிக் காட்ட வேண்டிய கல். அதை மலைச்சாமி தூக்கிப் பார்க்கிறார். அப்போது சிவாஜிக்கு 56 வயது. வசனத்தை உரக்கச் சொல்லிப் பழகிய அந்த உடம்பு இங்கே மூச்சை அடக்கி, தன்னைத்தானே சோதித்துப் பார்க்கிறது. பல பேருக்கு இது பிடித்த காட்சி, எனக்கும்தான். ஆனால் அந்தக் கல் கேட்கிற கேள்வியைக் கவனியுங்கள். நீ அன்பானவனா, நல்ல துணையா என்று அது கேட்கவில்லை. உனக்குள் இன்னும் வாலிபம் மிச்சம் இருக்கிறதா என்றுதான் கேட்கிறது. கிழவேடம் கலைகிற தருணம் அதுதான்.

இரண்டாவது, தனுஷ் இயக்கி 2017-இல் வந்த ‘ப. பாண்டி’. மனைவியை இழந்து மகன் வீட்டில் இருக்கிற முன்னாள் ஸ்டண்ட் மாஸ்டர் ஒருவர் பைக்கை எடுத்துக்கொண்டு, இளவயதுக் காதலியைத் தேடி ஹைதராபாத் போகிறார். ராஜ்கிரணுக்கு இளவட்டக்கல் தேவையில்லை, அவர் அடிக்கிற அடியே போதும். அதற்கு மேல் ஒரு ஃபிளாஷ்பேக். அதில் தனுஷ் பாண்டியாக வருகிறார், மடோனா செபாஸ்டியன் பூந்தென்றலாக வருகிறார். அந்த இருவரின் காதலைப் பார்த்து நெகிழ்ந்த பிறகுதான் ராஜ்கிரணின் காதலுக்கு நம்மிடம் அனுமதி கிடைக்கிறது. அறுபதுக்கு மேல் புதிதாக ஒருத்தியைப் பார்த்து மனசு தடுமாறினால்? அந்தக் கதையை எழுதப் படத்துக்குத் துணிச்சல் இல்லை. பழைய பாக்கி என்றால் பரவாயில்லை, புதுக் கணக்கு கூடாது.

சரி, கிழவிகள் எங்கே? இங்கேதான் நமது கதைகள் மாட்டிக்கொள்கின்றன. ஔவையார் கதையை நினைத்துப் பாருங்கள். கல்யாணப் பேச்சு வருகிறது, பெண் பிள்ளையாரிடம் வேண்டிக் கிழவியாகிவிடுகிறாள். தினைப்புனத்தில் யானையாக வந்து வள்ளியை மிரட்டி, கிழவனோடு சேர்த்துவைத்ததும் இதே பிள்ளையார்தான். ஆணுக்கு முதுமை காதலுக்குள் நுழைய ஒரு வேடம். பெண்ணுக்கு அது காதலிலிருந்து தப்பிக்கக் கிடைத்த வரம். வேடத்தைக் கலைக்கலாம், வரத்தை என்ன செய்வது?

இப்போது ‘முதல் மரியாதை’யின் பொன்னாத்தாவைப் பாருங்கள். வடிவுக்கரசி அந்த வெடுவெடுப்பை அவ்வளவு நன்றாகச் செய்ததால் நாம் அவளை வெறுத்துவிட்டு நகர்ந்துவிட்டோம். அவளுக்கும் கல்யாணத்துக்கு முன் ஒருவன் இருந்தான். மாமனின் மானத்தைக் காப்பாற்ற மலைச்சாமி அவளைக் கட்டிக்கொண்டார், ஆனால் சேர்ந்து வாழவில்லை. அதே வீட்டில், அத்தனை வருஷமும், அவளும்தான் அன்பில்லாமல் மூப்படைந்தாள். கணவனின் தனிமைக்குப் பாட்டும் ஆறும் கிடைத்தன, அவளுக்குக் கிடைத்தது கத்துகிற குரல் மட்டும். குயிலுக்கும் நியாயம் நடக்கவில்லை. இளம் உயிர், கிழவரின் பின்னாலேயே போய்ச் சேர்கிறது. வயது வித்தியாசத்தை என்ன செய்வது என்று தெரியாத படம் சாவை வைத்து அதைச் சமன் செய்துவிடுகிறது.

‘ப. பாண்டி’ அத்தனை கச்சிதமான படம் இல்லை. ஆனால் ரேவதி வந்ததும் அது வேறொன்றாகிறது. பூந்தென்றல் எந்தக் கல்லையும் தூக்கத் தேவையில்லை. வயதை மறைக்கவும் இல்லை. கணவனை இழந்தவர், குடும்பத்தோடு இருப்பவர், யோசிக்க வேண்டியிருப்பவர். அந்தத் தயக்கத்தில் வெட்கமும் இருக்கிறது, கணக்கும் இருக்கிறது. மிச்சம் இருக்கிற வருஷங்களை யாரிடம் கொடுப்பது என்ற கணக்கு. அவர் பேசாமல் இருக்கிற அந்த நேரத்தில்தான் மரணம் நிஜமாகவே படத்துக்குள் வருகிறது.

வயதானவர்களுக்கு நாம் வைத்திருக்கிற கல்யாணம் என்றால், திருக்கடையூரில் நடக்கிற அறுபதாம் கல்யாணம். எமனைச் சிவன் உதைத்த ஊர் என்பதால் அங்கே. பிள்ளைகள் செலவழித்து நடத்துவார்கள், பேரப்பிள்ளைகள் ஃபோட்டோ எடுப்பார்கள், ‘தாத்தா, பாட்டிக்கு மாலை போடு’ என்று எல்லோரும் கிண்டல் செய்வார்கள். ரொம்ப அழகான விஷயம்தான். ஆனால் அந்த மேடையில் ஏற, துணை உயிரோடு இருக்க வேண்டும். பூந்தென்றலுக்கு அதில் இடமில்லை. பாண்டிக்கும் இல்லை. நம் வீடுகளில் டிவி முன்னால் தனியாக உட்கார்ந்திருக்கிற பல அம்மாக்களுக்கும் இல்லை.

அவர்களில் ஒருத்தி, ஃபிளாஷ்பேக் எதுவும் இல்லாமல், இந்த வயதில் புதிதாக ஒருவரைப் பிடித்திருக்கிறது என்று பிள்ளைகளிடம் சொல்கிற தமிழ்ப் படத்தை நான் பார்க்க விரும்புகிறேன். தியேட்டரில் சிரிப்பு எழும். எழட்டும். அந்தச் சிரிப்பு அடங்கும் வரைக்கும் கேமரா அவர் முகத்தைவிட்டு நகராமல் இருந்தால் போதும்.