கட்டுப் போட்ட கழுத்தும் ஆயாவின் ஓட்டும்

1967 தேர்தலைப் பற்றி யார் எழுதினாலும் அந்தச் சுவரொட்டி வந்துவிடுகிறது. ஜனவரி 12ஆம் தேதி எம்.ஆர். ராதாவால் சுடப்பட்ட எம்.ஜி.ஆர்., கழுத்தில் கட்டோடு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கும்பிட்டபடி இருக்கும் படம். ஊரெங்கும் ஒட்டினார்கள், ஜனங்கள் அழுதார்கள், தி.மு.க. ஜெயித்தது. இம்மூன்றையும் காரண காரியமாகக் கோத்துவிடுவதில் பத்திரிகைக்காரருக்கும் பேராசிரியருக்கும் வித்தியாசமில்லை.

எனக்குச் சந்தேகம் வந்தது எங்க ஆயாவால். சாலவாக்கத்தில் எங்கள் வீட்டு மண்சுவரில் அந்தப் படம் ரொம்ப காலம் இருந்ததாம். "பார்த்தா அழுகை வரத்தான் வந்துச்சு. அதுக்கா ஓட்டுப் போட்டேன்? அப்ப அரிசி எங்கடா கெடைச்சுது? அந்த வயித்தெரிச்சல்ல போட்டேன்" என்பாள். படத்தை ஒட்டியது சுவரின் விரிசலை மறைக்க.

ஆயாவை ஆதாரமாகக் காட்டுவது ஆய்வு முறையியலுக்கு ஒத்துவராது, தெரியும். ஆனால் அந்தப் பிரதியின் வாசகி அவள்தானே? அழுகையையும் ஓட்டையும் அவள் தனித்தனியாகத்தான் வைத்திருந்தாள். சேர்த்து ஒட்டியவர்கள் நாம். அப்படி ஒட்டும்போது அரிசிப் பஞ்சம், ரூபாய்க்கு மூன்று படி என்ற வாக்குறுதி, 1965இன் இந்தி எதிர்ப்பும் துப்பாக்கிச் சூடும், ராஜாஜியோடு அண்ணா அமைத்த கூட்டணி எல்லாம் படத்துக்குப் பின்னால் போய்விடுகின்றன. எம்.ஜி.ஆர். கட்டிலில் இருந்தபடியே, அன்றைய எங்கள் செங்கல்பட்டு மாவட்டத்துப் பரங்கிமலையில் ஜெயித்தார், வாஸ்தவம். அதே தேர்தலில் விருதுநகரில் காமராஜரைத் தோற்கடித்த பெ. சீனிவாசன் ஒரு மாணவர் தலைவர். அவர் கழுத்தில் கட்டு எதுவும் இல்லை.

அமெரிக்காவிலும் இதே கதைதான். பூவின் இதழ்களைப் பிய்த்து எண்ணும் சிறுமி, உடனே அணுகுண்டு வெடிப்பு: 1964 செப்டம்பர் 7 அன்று ஜான்சனுக்காக ஒரே ஒருமுறை காசு கொடுத்து ஒளிபரப்பிய விளம்பரம். கோல்ட்வாட்டரை அதுதான் வீழ்த்தியது என்று இன்றும் சொல்கிறார்கள். ஜான்சன் அதற்கு முன்பே வெகுதூரம் முன்னால் இருந்தார். கல்லா, புரூக்மன் என்ற இருவர் 49 களப் பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்து, பொதுத்தேர்தலில் யாருக்கு ஓட்டு என்பதை மாற்றுவதில் பிரசாரத்தின் சராசரி விளைவு ஏறக்குறைய பூஜ்யம் என்று 2018இல் எழுதினார்கள். வெற்றிக்குப் பிறகுதான் விளம்பரம் பலசாலியாகிறது. அப்படிச் சொல்வதில் விளம்பரக் கம்பெனிக்கு அடுத்த வியாபாரம் இருக்கிறது. நமக்கு என்ன லாபம்?

எம்.எஸ்.எஸ். பாண்டியனின் 'தி இமேஜ் ட்ராப்' (1992) எனக்கு வேண்டிய புத்தகம். ஏழைகள் தங்களுக்கே பாதகமான ஆட்சியை ஏன் தாங்கிப் பிடித்தார்கள் என்ற அதன் கேள்வி நியாயமானது. ஆனால் பொறி என்று சொன்னதுமே உள்ளே ஓர் எலியும் வந்துவிடுகிறது. படித்தவன் ஓட்டுப் போட்டால் அது அரசியல், ஆயா போட்டால் மயக்கம் என்றாகிறது. பிம்பம் அவ்வளவு வல்லதென்றால் 2004இல் கோடிகளைக் கொட்டி 'இந்தியா ஒளிர்கிறது' என்று காட்டினார்களே, தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் ஒன்றாவது அந்த அணிக்குக் கிடைத்ததா?

ஒரு தேர்தலின்போது, ஒரு கட்சிக்காரர்கள் கேட்காமலே எங்கள் தெரு மதிலுக்கு வெள்ளையடித்துச் சின்னம் வரைந்துவிட்டுப் போனார்கள். எனக்குக் கோபம். எதிர்வீட்டு அத்தை மட்டும், "வுடுப்பா, வெள்ளையடிக்கிற செலவு மிச்சம்" என்றாள். யாருக்குப் போட்டாள் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.