நெஞ்சமும் இதயமும்

ஒரு பொருளைக் குறிக்கத் தமிழில் பல சொற்கள் உண்டு என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. நெஞ்சு, உள்ளம், மனம், அகம், இதயம் என்னும் ஐந்தையும் கரும்பலகையில் அடுக்கி, 'இவை ஐந்தும் ஒரே பொருளன' என்று கூறிவிட்டால் பாடம் முடிந்தது என்று கருதுவார் பலர். திவாகரம், பிங்கலம், சூடாமணி நிகண்டு ஆகியவற்றை மனப்பாடம் செய்து வளர்ந்த மரபு நம்முடையது. ஆதலின் இப்பழக்கம் வியப்பிற்குரியதன்று. ஆயினும் நிகண்டு என்பது ஒரு பண்டகசாலை. பண்டகசாலையில் ஒரே தட்டில் கிடப்பதனால் மண்வெட்டியும் கடப்பாரையும் ஒன்றாகிவிடமாட்டா. எடுத்து உழைப்பவனுக்கே அவற்றின் வேறுபாடு தெரியும்.

இன்று நம் மாணவர் கட்டுரைகளைத் திருத்தும் ஆசிரியர் எவரும் ஒன்றைக் கண்டிருப்பர். பரிசு பெற்றால் 'என் இதயம் துள்ளியது' என்று எழுதுகின்றனர். பாட்டி இறந்தால் 'என் இதயம் துயரில் ஆழ்ந்தது'. தீர்மானம் செய்தால் 'இதயத்தில் உறுதி பூண்டேன்'. ஏழைக்கு உதவினால் 'இரக்க இதயம்'. ஊருக்கு நடுவே ஒரு கோயில் இருந்தால் அதுவும் 'நகரின் இதயப் பகுதி' ஆகிவிடுகிறது. ஐந்து சொற்களைக் கற்பித்தோம். பிள்ளைகள் ஒன்றையே கைக்கொண்டனர். ஐந்தும் ஒன்றென்று சொன்ன பிறகு, அவர்கள் ஒன்றோடு அமைந்ததில் பிழை என்ன?

ஐந்தும் ஒன்றுதானா என்பதையே இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. இதற்குத் திருக்குறளின் ஓர் அதிகாரமே போதிய சான்று தரும். முப்பதாவது அதிகாரமாகிய 'வாய்மை'யை எடுத்துக்கொள்வோம். பத்துப் பாடல்களே உள்ள அந்த அதிகாரத்தில், 293ஆம் குறள் நெஞ்சு என்கிறது. அடுத்த குறள் உள்ளம் என்கிறது. அதற்கடுத்த குறள் மனம் என்கிறது. 298ஆம் குறள் அகம் என்கிறது. இத்துணைச் சிறிய இடத்தில் நான்கு சொற்கள் வருவது ஏன்?

முதலில் நெஞ்சைக் காண்போம். தான் அறிந்த ஒன்றை மறைத்துப் பொய் கூறியவனை, அப்பொய்யை அறிந்த அவனுடைய நெஞ்சே பின்னர்ச் சுடும் என்பது அக்குறளின் கருத்து. இங்கே நெஞ்சு சாட்சியாக நிற்கிறது; தண்டனை தருவதும் அதுவே. ஒருவனுக்குள்ளேயே இருந்தும் அவனுக்கு அடங்காத ஒன்று அது. 'நெஞ்சில் கை வைத்துச் சொல்' என்று இன்றும் நாம் கேட்பது இப்பொருளில்தான்.

அடுத்து உள்ளம். உள்ளத்தால் பொய்யின்றி வாழ்பவன் உலகத்தார் உள்ளங்களில் எல்லாம் இருப்பான் என்கிறார் வள்ளுவர். இங்கே உள்ளம் ஓர் இருப்பிடம். 'உள்' என்னும் அடியே அதன் பொருளைக் காட்டும். எண்ணுதலை 'உள்ளுதல்' என்பதும் அவ்வடியிலிருந்து வந்ததே. இருப்பிடம் ஆகையால் அதற்கு அளவும் உண்டு. 'ஊக்கமுடைமை' அதிகாரத்தில், நீரின் ஆழத்திற்கு ஏற்ப நீர்ப்பூவின் தண்டு நீளுமாறுபோல, உள்ளத்தின் அளவே மாந்தரின் உயர்வு என்று கூறப்படுகிறது. அங்கே உள்ளம் என்பதற்கு ஊக்கம் என்றே உரை காண்பர்.

மனம், வாயோடு இணைத்துப் பேசப்படுகிறது. மனத்தோடு பொருந்த உண்மை பேசுதல் தவத்தினும் தானத்தினும் உயர்ந்தது என்பது கருத்து. இசைவு, விருப்பம், பக்குவம் ஆகியன மனத்தின் தொழில்கள். மனம் ஒப்புகிறது, மனம் மாறுகிறது, மனம் வரவில்லை என்கிறோம். சேரும் கூட்டத்தால் மனம் கெடும், திருந்தும் என்பது 'சிற்றினம் சேராமை'யின் பாடம். நெஞ்சு சாட்சி என்றால், மனம் பழக்கத்திற்கு உட்படுவது. நாம் பள்ளியில் பயிற்றுவது மனத்தையே. அதனால்தான் அது மனப்பாடம் ஆயிற்று.

இறுதியாக அகம். உடலின் தூய்மையை நீர் தரும். அகத்தின் தூய்மையை வாய்மை தரும். புறம் என்ற ஒன்று எதிரே நிற்கும்போது அகம் என்னும் சொல்லே வேண்டப்படுகிறது. வீட்டிற்கும் அகம் என்ற பெயர் உண்டு. காதல் வாழ்வைப் பாடும் பாட்டிற்கும் அதுவே பெயர். மூன்றிலும் பொதுவாக இருப்பது, பிறர் கண்ணுக்கு நேரே தெரியாத உட்புறம் என்பதே.

ஒரு மாணவர் இங்கே எழுந்து, 'எதுகை மோனைக்காக அன்றோ வள்ளுவர் சொல்லை மாற்றினார்?' என்று கேட்கலாம். நல்ல கேள்வி. தொடை நயம் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்பதை மறுக்க வேண்டுவதில்லை. ஆனால் பொருளை வைத்து மாற்றிப் பாருங்கள். மனம் சுடும் என்றால் சாட்சி மறைந்துவிடுகிறது. பழக்கத்தால் மாறும் மனம், பொய்யிலும் பழகிவிடக்கூடும் அன்றோ? உலகத்தார் நெஞ்சில் இருப்பான் என்றால், அவர்கள் அவனை நினைந்து வருந்துவதாக ஒரு சாயல் ஏறுகிறது. தொடையும் பொருளும் ஒரே சொல்லில் வந்து கூடும் இடமே புலமையின் இடம்.

நெஞ்சு என்னும் சொல்லின் சிறப்பு இவ்வளவில் நிற்பதன்று. ஞாயிறு, கடல், பறவை முதலியவற்றைப்போல நெஞ்சமும் பேசுவதாகவும் கேட்பதாகவும் பாடலாம் என்று தொல்காப்பியச் செய்யுளியல் இலக்கணம் கூறுகிறது. அகப்பாட்டுத் தலைவன் பொருள்தேடப் புறப்படும்போது தன் நெஞ்சோடு வழக்காடுகிறான். காமத்துப்பாலில் இதற்கென்றே இரண்டு அதிகாரங்கள் உள்ளன. 125ஆம் அதிகாரம் 'நெஞ்சொடு கிளத்தல்'. 130ஆம் அதிகாரம் 'நெஞ்சொடு புலத்தல்'. அவருடைய நெஞ்சு அவர் பக்கம் நிற்கையில், என் நெஞ்சே, நீ மட்டும் ஏன் என் பக்கம் நில்லாய் என்று தலைவி ஊடுகிறாள். பதினான்காம் நூற்றாண்டில் உமாபதி சிவாச்சாரியார் தம் ஞானாசிரியரிடம் நெஞ்சையே தூது அனுப்பி 'நெஞ்சுவிடு தூது' பாடினார். தூது போக வேண்டுமாயின் தனித்து நடக்கும் ஆளாக இருத்தல் வேண்டும். சாட்சி சொல்லவும், ஊடல் கேட்கவும், தூது போகவும் வல்ல இந்தத் துணையாளைத் தமிழர் நெஞ்சு என்றனர். பிற்காலத்தில் நம் கெடாவைச் சேர்ந்த எம்.ஏ. இளஞ்செல்வனும் தம் புதுக்கவிதைத் தொகுப்பிற்கு 'நெஞ்சப் பூக்கள்' என்றே பெயரிட்டார். வடிவம் புதிது, பெயரில் உள்ள சொல்லோ பழையது.

இனி இதயத்திற்கு வருவோம். அது 'ஹ்ருதயம்' என்னும் வடசொல்லின் வழி வந்தது. இருதயம் என்னும் வடிவம் பழைய தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பில் எங்கும் பயின்று வரும். மருத்துவத்தில் அதற்கு உரிய இடம் உண்டு. 1992இல் கோலாலம்பூரில் தொடங்கப்பட்ட நிறுவனத்தைத் தேசிய இருதயக் கழகம் என்றே நம் நாளேடுகள் எழுதுகின்றன. அதை நெஞ்சகக் கழகம் என்றால் நுரையீரலும் உடன் வந்துவிடும். மனக் கழகம் என்றால் நோயாளி வேறு வாயிலுக்குப் போய்விடுவார். ஆகவே இதயம் வேண்டாத சொல் என்று எவரும் கூறார்.

அதன் இயல்பு யாது? இதயம் ஒரு பொருள். எடுக்கலாம், கொடுக்கலாம், இரவல் கேட்கலாம். 1967 டிசம்பரில் கேப் டவுனில் மருத்துவர் பர்னார்ட் ஒருவரின் இதயத்தை எடுத்து மற்றொருவருக்குப் பொருத்தினார். 1969இல் அறிஞர் அண்ணா மறைந்தபோது, அவருடைய இதயத்தை இரவலாகத் தரும்படி கலைஞர் தம் இரங்கற்பாவில் வேண்டினார். இரவல் என்ற எண்ணத்திற்கு இதயமே பொருத்தம்; நெஞ்சை இரவல் வாங்க இயலாது. தன் சாட்சியைப் பிறரிடம் கடனாகப் பெறுபவர் உண்டோ?

திரைப்படத் தலைப்புகளிலும் இவ்வேறுபாட்டைக் காணலாம். 1962இல் ஸ்ரீதர் இயக்கிய 'நெஞ்சில் ஓர் ஆலயம்' மருத்துவமனையிலே நிகழும் கதை. எனினும் தலைப்பில் இதயம் இல்லை. பழைய காதலின் நினைவைப் பேணிக் காக்கும் இடம் அங்கே வேண்டப்பட்டது. ஆகவே நெஞ்சு வந்தது. 1991இல் வெளிவந்த 'இதயம்' படத்தின் நாயகன் இதய நோய் உடையவன். சொல்ல முடியாத காதலும் உடையவன். உறுப்பும் உணர்வும் ஒருங்கே வேண்டப்பட்டமையால் இதயம் அங்கே பொருந்திற்று. இரண்டு தலைப்புகளிலும் குறை காண்பதற்கில்லை. எல்லாவற்றிற்கும் ஒன்றையே கொள்வதில்தான் குறை.

கெடாவில் வாழும் நமக்கு இவ்வேறுபாட்டை உணர மற்றொரு வாயிலும் உண்டு. அது நாம் அன்றாடம் பேசும் மலாய் மொழி. மலாயில் துடிக்கும் உறுப்பு 'ஜந்தோங்'. உணர்வின் இருப்பிடமோ 'ஹாத்தி'. அச்சொல்லின் நேர்ப்பொருள் கல்லீரல். வாழைப்பூவை அதன் வடிவு நோக்கி 'ஜந்தோங் பீசாங்' என்பர். 'சாக்கிட் ஜந்தோங்' என்றால் இதய நோய். 'சாக்கிட் ஹாத்தி' என்றால் மனக்கசப்பு. பாடாங் செராய் வழியாகக் கூலிமுக்குப் போகும் பிள்ளை, சாலையோரத்தில் 'ஹாத்தி-ஹாத்தி' என்பதைப் படித்தால் கவனம் என்று பொருள் கொள்கிறதே அன்றி ஈரலை எண்ணுவதில்லை. 'கெச்சில் ஹாத்தி' என்பதைச் 'சிறிய இதயம்' என்று மொழிபெயர்த்தால், மனத்தாங்கல் என்னும் பொருள் போய், மருத்துவர் அறையில் கேட்கும் சொல்லாகிவிடும். அண்டை மொழியில் இரு சொற்களைக் குழப்பாத பிள்ளை, தன் தாய்மொழியில் ஐந்தையும் ஒன்றாக்குவது விந்தையன்றோ?

ஈரலை உணர்வின் இடமாகக் கொள்வது நமக்கும் புதிதன்று. பேரச்சம் வந்தால் 'ஈரக்குலை நடுங்கிற்று' என்பது நம் மக்கள் வழக்கு. இது தோட்டத்து லயங்களில் வாழ்ந்த தமிழ். பால்மரம் வெட்டப் போனவர் மழையில் திரும்பத் தாமதித்தால், வீட்டில் இருந்தவளுக்கு 'அடிவயிறு கலங்கும்'. வயதுப் பெண்ணை வைத்துக்கொண்டு 'வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு' இருப்பாள் தாய். அநியாயம் கண்டால் 'வயிறு எரியும்'. அழுது தீராத துயரில் 'நெஞ்சு கனக்கும்'. அடித்த பிள்ளைக்கே சோறு ஊட்ட வரும்போது 'மனசு கேக்கல' என்பாள். அச்சத்திற்கு ஈரக்குலை, தாய்மைக் கவலைக்கு வயிறு, துயரின் சுமைக்கு நெஞ்சு, இரக்கத்திற்கு மனம் என்று எவ்வளவு நுட்பமான பங்கீடு! 'பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு' என்னும் பழமொழியில் மனத்தை எடுத்துவிட்டு இதயத்தை வைத்துப் பாருங்கள். பழமொழி நகைப்பிற்கு இடமாகிவிடும்.

பள்ளியில் எழுதப் படிக்க வாய்ப்பில்லாத மூதாட்டிகளும் இப்பங்கீட்டைத் தவறாது காத்தனர். இவற்றுள் பலவற்றை நாம் 'பேச்சு வழக்கு' என்று சிவப்பு மையால் அடித்து, அவற்றின் இடத்தில் 'இதயம் துடித்தது' என்று எழுதித் தருகிறோம். யூ.பி.எஸ்.ஆர். தேர்வுக்கெனத் தொகுத்த அழகுத் தொடர்ப் பட்டியல்கள் இதற்குப் பெரிதும் துணைபுரிந்தன. 2021இல் அத்தேர்வு போயிற்று, பட்டியல் போகவில்லை. 'மனசு கேக்கல' என்பதில் திருத்த வேண்டியது ஒலி வடிவம் மட்டுமே. 'மனம் கேட்கவில்லை' என்று எழுதினால் அது செந்தமிழே. சொல்லின் உருவைத் திருத்தப் புகுந்து, சொல்லையே பறித்துவிடலாகாது.

இது வெறும் சொல் நயம் பற்றிய வழக்கு என்று சிலர் எண்ணலாம். தான் உணர்ந்ததைத் தன் வீட்டுச் சொல்லால் எழுதிய பிள்ளைக்கு அது தவறென்று சொன்னால், எழுத்து என்பது தன் வாழ்வுக்குத் தொடர்பில்லாத ஒன்று என்று அது முடிவு செய்துவிடும். பிறகு எழுதும் கட்டுரையில் அதன் பாட்டியும் இருக்கமாட்டார், துயரமும் இருக்காது. யாருடைய பாட்டி இறந்தாலும் பொருந்தும் ஒரு வாக்கியம் மட்டும் இருக்கும். கெடாவில் ரப்பர்த் தோட்டங்கள் பலவும் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடங்கொடுத்தன. லயத்து மக்கள் சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் லூனாஸிலும் உள்ள குடியிருப்புகளுக்குப் பெயர்ந்தனர். அம்மக்களின் சொற்கள் பேரப்பிள்ளைகளின் செவியில் இன்னும் சிறிது காலமே ஒலிக்கும். அவற்றுக்கு எழுத்தில் இடம் தர வல்ல இடம் தமிழ்ப்பள்ளி வகுப்பறை.

அதற்குப் பெருந்திட்டம் ஏதும் வேண்டியதில்லை. பலகையில் ஐந்து சொற்களை அடுக்குவதற்குப் பதிலாக, ஐந்து வாக்கியங்களை எழுதிச் சொல்லுக்குரிய இடத்தை வெற்றிடமாக விடலாம். '……வலி என்று மருத்துவரிடம் போனார்', 'விட்டுப் பிரிய …… வரவில்லை', '……அறிந்து பொய் சொல்லாதே', 'பரந்த …… உடையவர்', '……மாற்று அறுவை செய்துகொண்டார்' என்று தந்தால் போதும். பிள்ளைகள் தாமே சரியாக நிரப்புவர். ஏன் அவ்வாறு நிரப்பினர் என்று கேட்டால் விழிப்பர். அந்த 'ஏன்' என்பதிலிருந்து பாடத்தைத் தொடங்கலாம். மேல்வகுப்பினருக்கு வாய்மை அதிகாரத்தின் அந்நான்கு குறள்களையும் ஒருசேரத் தரலாம். அச்சம், கவலை, துயர், இரக்கம் ஆகிய நான்கிற்கும் வீட்டில் பெரியவர்கள் வழங்கும் தொடர்களைக் கேட்டு எழுதிவரச் செய்யலாம். வந்தவற்றை உரிய எழுத்து வடிவில் திருத்தி வகுப்புச் சுவரில் ஒட்டிவைக்கலாம். அழகுத் தொடர்ப் பட்டியல் தொங்கிய இடமே அதற்கு உரிய இடம்.