மூச்சுக் கணக்கு

2007 மார்ச் 17, பெங்களூரு அரண்மனை மைதானம். இங்கிலாந்தின் மெட்டல் இசைக்குழுவான அயர்ன் மெய்டன் இந்தியாவில் ஏறிய முதல் மேடை. அன்று நான் பார்த்தது கச்சேரி மட்டுமல்ல, தேர்ந்த உடற்பயிற்சிக்காரர்களின் ஆட்டமும்கூட என்பது இப்போதுதான் விளங்குகிறது. ஆறு பேரில் ஐந்து பேர் ஐம்பதைத் தொட்டவர்கள். டிரம்ஸ் வாசித்த நிக்கோ மெக்பிரெய்னுக்கு 54. பாடகர் புரூஸ் டிக்கின்சன்தான் இளையவர், அவருக்கே 48.

ராமேஸ்வரம் தீவில் இருக்கும் எங்கள் ஊர் அக்காள்மடத்திலிருந்து பிழைப்புக்காக பெங்களூரு போயிருந்த எங்கள் தெரு அண்ணன்தான் டிக்கெட் எடுத்து வைத்துவிட்டு என்னை வரச் சொன்னார். பாம்பன் ரயில் பாலத்தில் மீட்டர் கேஜை அகலப் பாதையாக மாற்றும் வேலை நடந்த சமயம். ரயில் இல்லை, பஸ்தான். அயர்ன் மெய்டனுக்கு முன்னால் மேடையேறிய பரிக்ரமா குழு வாசித்து முடித்தபோதே எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. “இன்னும் ஆரம்பிக்கவே இல்லையேடா தம்பி” என்றார் அண்ணன்.

இனி ஆட்டத்துக்கு வருவோம். டிக்கின்சன் வாள்வீச்சுப் போட்டிகளில் கலந்துகொண்டவர். மேடையில் அது தெரிந்தது. மூன்று கிட்டார்களும் தனித்து வாசிக்கும் இடங்களில்தான் அவர் ஓடினார், தாவினார். பாட வேண்டிய வரி வருவதற்குள் கால் ஊன்றி நின்றுவிடுவார். ஓடுகிற நேரம் வேறு, பாடுகிற நேரம் வேறு. இளம் பாடகர்கள் பலர் இரண்டையும் ஒன்றாகச் செய்துதான் பாதியில் இளைத்துப் போகிறார்கள்.

கூட்டத்தை அவர் பயன்படுத்திய விதம் அதைவிட நுட்பமானது. ‘ஃபியர் ஆஃப் தி டார்க்’ பாட்டில் கிட்டார் மெட்டை ரசிகர்களே ஓவென்று பாடுவார்கள். அவ்வளவு பேரும் பாடும் நேரத்தில் பாடகருக்கு மூச்சு திரும்பக் கிடைக்கிறது. எங்கள் கரையில் கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டிலும் இதுதான் நடக்கும். ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார், இழுப்பவர்கள் ஏற்றுச் சொல்வார்கள், அந்த இடைவெளியில் முதல் ஆள் மூச்சைச் சேர்த்துக்கொள்வார். அதனால்தானோ என்னவோ, முன்பின் பழக்கமில்லாத அந்த இங்கிலீஷ் பாட்டுக்குள் எந்தத் தயக்கமும் இல்லாமல் நுழைந்துவிட்டேன். அந்தச் சந்தோஷத்துக்கு ஈடாக இன்றுவரை இன்னொன்று எனக்கு அமையவில்லை.

அடித்தளம் ஸ்டீவ் ஹாரிஸின் பேஸ் கிட்டார். சிறு வயதில் வெஸ்ட் ஹாம் கால்பந்து அணியில் பயிற்சி எடுத்தவர் அவர். ‘தி ட்ரூப்பர்’ போன்ற பாட்டுகளின் பாய்ச்சல் நடையை, ஒரு நீளத் தட்டு, இரண்டு குறுந்தட்டு என்று வெறும் விரல்களாலேயே வாசிக்கிறார். மெக்பிரெய்ன் செருப்பு, ஷூ எதுவும் இல்லாமல் வெறுங்காலோடு உட்கார்ந்து, மற்ற மெட்டல் டிரம்மர்கள் இரட்டைப் பெடல் வைத்துச் செய்வதை ஒற்றைப் பெடலில் முடிப்பவர். இந்த இரண்டு பேரும் தளராததால்தான் மற்ற நால்வரும் சுதந்திரமாக ஆட முடிந்தது.

உடம்பை இப்படிப் பேணியது பின்னாலும் உதவியிருக்கும் என்று நம்புகிறேன். 2015இல் டிக்கின்சனுக்கு நாக்கில் புற்றுநோய் என்று அறிவித்தார்கள். அடுத்த ஆண்டே மேடைக்குத் திரும்பிவிட்டார். 2023இல் பக்கவாதம் தாக்கிய மெக்பிரெய்ன் அதற்குப் பிறகும் சுற்றுப்பயணம் வாசித்து, 2024 டிசம்பரில்தான் விடைபெற்றார்.

இதையெல்லாம் நேரில் பார்த்தவன் என்ற முறையில் எங்கள் தீவின் திருவிழாக் கமிட்டிகளிடம் ஒரு வேண்டுகோள். பதிவு செய்த இசையை ஓடவிட்டு மேலே பாடும் நிகழ்ச்சிகள் பெருகிவிட்டன. அதில் பாடகருக்கு மூச்சுக் கணக்கு பழகாது, பையன்களுக்குக் கைத்தாளம்கூட வராது. இந்த ஆண்டு ஒரு இரவாவது டிரம்ஸும் கிட்டாரும் கையால் வாசிக்கிற உள்ளூர்க் குழுவுக்கு மேடை கொடுங்கள்.