ஈயக் குண்டும் கயிறும்

கடலாழத்தை அறிய மாலுமிகள் பல நூற்றாண்டுகள் நம்பியிருந்தது ஒரு கயிற்றையும் அதன் நுனியில் கட்டிய ஈயக் குண்டையும்தான். இவ்வளவு எளிய கருவிக்குள் இவ்வளவு அறிவா என்று வியக்கிறேன்.

பிரிட்டிஷ் கப்பல்களின் கயிற்றையே எடுத்துக்கொள்வோம். கணக்கு பாகத்தில், ஒரு பாகம் ஆறடி. இரண்டாம் பாகத்தில் இரண்டு தோல் வார்கள், மூன்றில் மூன்று, ஐந்தில் வெள்ளைப் பருத்தித் துணி, ஏழில் சிவப்புக் கொடித்துணி, பத்தில் துளையிட்ட தோல், 13இல் நீலக் கம்பளித் துணி. பகலில் நிறம் பேசும். இருட்டில் துணியின் நெசவைத் தடவியே ஆழத்தைச் சொல்லிவிடலாம்.

குண்டின் அடியில் ஒரு குழி உண்டு. அதில் கொழுப்பை அப்பி இறக்குவார்கள். மணல், சேறு, சிப்பித் துண்டு என்று அடித்தரையின் மாதிரி அதில் ஒட்டிக்கொண்டு மேலே வரும். நங்கூரம் பிடிக்குமா என்பதை அது காட்டும். பழகிய மாலுமி அதைப் பார்த்தே கப்பல் எந்தக் கரையை நெருங்குகிறது என்று கணிப்பார். கடல் வரைபடங்களில் ஆழ எண்களுக்கு அருகே தரையின் தன்மையும் குறிக்கப்படுவது இதனால்தான்.

1875 மார்ச்சில் ‘சேலஞ்சர்’ ஆய்வுக் கப்பல் மேற்குப் பசிபிக்கில் 4,475 பாகம், அதாவது எட்டு கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தை, எடை கட்டிய கயிற்றாலேயே கண்டது.

1920களில் எதிரொலிமானி பரவியது. ஒலி ஆழத்தை நொடிகளில் சொல்கிறது. ஆனால் அடித்தரை மண்ணைக் கையில் எடுத்துத் தருவதில்லை. அளப்பதையும் அறிவதையும் ஒரே வீச்சில் செய்த கருவி என்பதே ஈயக் குண்டின் பெருமை.