கெட்டிஸ்பர்க்: காத்தது நிலம், விட்டது காரணம்

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க்கில் 1863 ஜூலை 1 முதல் 3 வரை நடந்த சண்டையில் மாண்டவர், காயம்பட்டவர், பிடிபட்டவர், காணாமற்போனவர் என வடக்கு, தெற்கு இரு தரப்பிலும் ஏறத்தாழ 51,000 பேர். அந்தக் களத்தைக் காக்க முதலில் கிளம்பியவர் டேவிட் மெக்கோனகி என்ற உள்ளூர் வழக்கறிஞர். சண்டை ஓய்ந்த சில வாரங்களிலேயே குன்றுகளில் நிலம் வாங்க ஆரம்பித்துவிட்டார். 1864-இல் அதற்கென ஒரு சங்கம் உருவானது. அது சேர்த்த நிலம் 1895-இல் மத்திய அரசின் கைக்குப் போனது. இன்று அது ஏறத்தாழ 6,000 ஏக்கர் பரப்புள்ள பூங்கா. இந்தக் களத்தைக் காக்கும் தன்னார்வலர்களை எடைபோடும் எவரும் முதலில் வரவு வைக்க வேண்டிய கணக்கு இது.

இன்றைய தன்னார்வலர்கள் புதர் வெட்டுகிறார்கள், வேலி செப்பனிடுகிறார்கள். இதை வார இறுதித் தோட்டவேலை என்று ஒதுக்கிவிட முடியாது. களத்தின் குறுக்கே செல்லும் எமிட்ஸ்பர்க் சாலையின் இரு ஓரங்களிலும் அன்று உறுதியான மரவேலிகள் இருந்தன. மூன்றாம் நாள் பிற்பகல், முக்கால் மைலுக்கும் மேல் திறந்தவெளியைக் கடந்து வந்த தென்னகப் படையினர் அங்கே நின்று, ஏறிக் குதிக்க வேண்டியிருந்தது. ஏறும்போதே பலர் சுடப்பட்டார்கள். வேலி இல்லாத வெறும் வயலைப் பார்ப்பவருக்கு தென்னகத் தளபதி பிக்கெட்டின் தாக்குதல் ஏன் சிதறியது என்பது பாதிதான் விளங்கும்.

ஆனால் விளக்கம் என்று வரும்போது என் மதிப்பீடு மாறுகிறது. ஒரு படைப்பிரிவின் நினைவுச்சின்னம் அது சண்டையிட்ட வரிசையில்தான் நிற்க வேண்டும் என்று பழைய சங்கம் 1880-களிலேயே விதி செய்தது. பென்சில்வேனியா 72-ஆம் படைப்பிரிவுக்குப் பின்வரிசைதான் என்றது சங்கம். முன்வரிசையில் இருந்த கல்சுவரருகேதான் வேண்டும் என்றார்கள் அதன் பழைய வீரர்கள். வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போய், 1891-இல் வீரர்கள் ஜெயித்தார்கள். சில நூறு அடிக்காக ஒரு வழக்கு! யார் எங்கே நின்றார்கள் என்பதே வரலாறு என்ற பழக்கம் அங்கே வேர்விட்டது. எதற்காக நின்றார்கள் என்ற கேள்வி பின்னுக்குப் போனது.

காரணத்தை மண்ணில் எப்படிக் காட்டுவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதிலும் அந்த மண்ணிலேயே இருக்கிறது. தாக்குதல் வந்து மோதிய செமட்டரி ரிட்ஜில் ஆபிரகாம் பிரையன் என்ற சுதந்திரக் கறுப்பின விவசாயியின் வீடு நிற்கிறது. தென்னகப் படை வருமுன்னே அவர் குடும்பத்தோடு ஊரைவிட்டு ஓடினார். அந்தப் படை பென்சில்வேனியாவில் கறுப்பின மக்களைப் பிடித்து அடிமைகளாகத் தெற்கே அனுப்பிக்கொண்டிருந்தது. பிரையன் திரும்பி வந்து நாசமானவற்றுக்கு 1,028 டாலர் கேட்டார். கிடைத்தது 15 டாலர். ஊரின் மறுபக்கம், விதவையான மேரி தாம்ப்சன் குடியிருந்த வீட்டை ஒட்டிய மோட்டலை இடித்து, பழத்தோட்டமும் வேலியும் அமைத்து 2016-இல் திறந்தது தனியார் நன்கொடையில் இயங்கும் ஓர் அறக்கட்டளை. அந்த வீடு தென்னகப் படைத் தலைவர் லீயின் தலைமையகம் என்றே அழைக்கப்படுகிறது. மேரியின் பெயர் அடுத்தபடிதான்.

நிலத்தைக் காப்பதே எங்கள் வேலை, கதை சொல்வது பூங்காத் துறையின் வேலை என்று தன்னார்வலர்கள் சொன்னால், முழுதாக மறுக்க மாட்டேன். ஆனால் எந்த வேலியை முதலில் நடுவது என்று முடிவு செய்யும்போதே கதை பாதி எழுதப்பட்டுவிடுகிறது. போரின் வேரில் அடிமைமுறை இருந்தது என்று 1995-இல் பூங்காவின் தலைவர் பேசியதற்கு, அவரை நீக்கச் சொல்லி அஞ்சலட்டைகள் குவிந்தன. சில ஆண்டுகள் கழித்து அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸே அடிமைமுறையை விளக்கத்தில் சேர்க்கச் சொன்னது. 2008-இல் திறந்த புதிய அருங்காட்சியகம் அதைச் சொல்கிறது. அந்தத் திருத்தம் வரலாற்றாசிரியர்களிடமிருந்தும் காங்கிரஸிடமிருந்தும் வந்தது. வேலி நட்டவர்களிடமிருந்து அல்ல.

நிலக் காவலர்களாக இவர்களுக்கு இணை குறைவு. விளக்குபவர்களாக இன்னும் தேறவில்லை.